ஜாப் கார்டில் இல்லாத வேலை

பிஎம்டபிள்யூ கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரத்தைப் பன்னிரண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு துண்டுக்கு ஐந்து நிமிடம். ஆயில் மாற்ற இத்தனை துண்டு, முன்சக்கர ப்ரேக் பேட் மாற்ற இத்தனை, பம்பரைக் கழற்றி மாட்ட இத்தனை என்று ஜெர்மனியிலேயே கணக்குப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஜாப் கார்டில் வேலையின் எண் ஏறும்போதே நேரமும் ஏறிவிடும், லேபர் பில்லும் அங்கேயே முடிவாகிவிடும். அந்தப் பட்டியல் மிக நீளம். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்தி, விளக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கே கசிகிறது, எது போன தடவை இருந்த மாதிரி இல்லை என்று நிதானமாகப் பார்ப்பதற்கு அதில் இடம் ரொம்பக் குறைவு. செக்‌லிஸ்ட் ஒன்று உண்டு. டிக் போடலாம். டிக் போடுவதும் பார்ப்பதும் ஒன்றல்ல.

நான் அப்படியோர் ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, பிறகு கோவையில் சொந்தப் பட்டறை போட்டவன். இறக்குமதி வண்டிகள்தான் பெரும்பாலும். பிஎம்டபிள்யூ எம் வண்டிகள், போர்ஷே, ஆடியின் வேகமான மாடல்கள். சனிக்கிழமைகளில் வண்டியின் சொந்தக்காரர்களே வந்து லிஃப்ட்டில் ஏற்றி, என் மேற்பார்வையில் தாங்களே வேலை செய்துகொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற எல்லோருமே கேட்பது ஒரே கேள்வி: “ஏனுங்ணா, இதைய நாமளே பண்ணிக்கலாமுங்களா, இல்ல கம்பெனிக்கே விட்டறலாமுங்களா?”

கேட்பவர் மனதில் இருப்பது பில். அதில் தப்பில்லை, பில் பெரிதுதான். ஆனால் பணத்தை மட்டும் கணக்குப் போட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பதில் தவறிப்போகும். தன் வண்டி வேலையை வீட்டில் தானே செய்கிறவரிடம் டீலரிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அவருக்கு நேரம் உண்டு. வண்டி நன்றாக இருந்த நாளில் அது எப்படிச் சத்தம் போட்டது, பெடல் எங்கே நின்றது, காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் எத்தனையில் இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். டீலரிடம் வண்டி வருடத்துக்கு ஓரிரு முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு பையன் கையில் போகிறது. அந்தப் பையன் திறமைசாலியாக இருக்கலாம். நான் பார்த்தவரை நிறையப் பேர் திறமைசாலிகள்தான். ஆனால் அவனுக்கு இந்த வண்டி இன்றைக்குத்தான் அறிமுகம்.

ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். 1997-ல் வந்த போர்ஷே 996-ல்தான் 911 வரிசை முதன்முதலாகத் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு மாறியது. அந்த எஞ்சினுக்குள் இன்டர்மீடியேட் ஷாஃப்ட் என்று ஒன்று ஓடுகிறது. கிராங்க் சுழற்சியை வாங்கி, செயின் வழியாகக் கேம்ஷாஃப்ட்டுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் ஒரு முனையில் மூடிய பால் பேரிங் ஒன்று இருக்கும். காலப்போக்கில் எஞ்சின் ஆயில் அதன் சீலைத் தாண்டிப் புகுந்து, உள்ளே வைத்து அடைத்த கிரீஸைக் கழுவிவிடும். பிறகு பேரிங் வறண்டு தேயும். முழுக்க உடைந்தால் செயின் தளர்ந்து, வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினே போய்விடும். அமெரிக்காவில் வண்டிக்காரர்கள் இதற்காகக் கோர்ட்டுக்குப் போய், 2013-ல் சமரசம் எட்டப்பட்டது. எல்லா வண்டிக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானவை நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆகப்போகிற வண்டி எது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் இடங்களில் முக்கியமானது ஆயில் ஃபில்டர்.

இந்த எஞ்சினில் ஃபில்டர் வெறும் காகித கார்ட்ரிட்ஜ். கழற்றியதும் குப்பைத் தொட்டியில் போடாமல், மேல் கீழ் மூடிகளைக் கத்தியால் அறுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை நீளமாக விரித்து, ஆயில் வடியவிட்டு, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் அது செயின் ஓடும் கைடிலிருந்து வந்தது. பளபளவென்று மினுங்கினால் காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டும். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ வெண்கலமாகவோ இருக்கலாம், ஒட்டினால் இரும்பு. இரும்பு என்றால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கத்தி, ஒரு காந்தம், அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை எந்த ஜாப் கார்டும் தராது.

பொள்ளாச்சிப் பக்கத்து டாக்டர் ஒருவரின் 996-ல் நாங்கள் அப்படித்தான் பிடித்தோம். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை, டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஸ்கேனரில் ஃபால்ட் கோடும் இல்லை. காகிதத்தின் மடிப்புகளுக்குள் மட்டும் மயிரிழை போன்ற துகள்கள். காந்தத்தைக் காட்டியதும் எழுந்து நின்றன. டாக்டர் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கே ஓட்டீட்டுப் போகலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார். “வேண்டாமுங்க டாக்டர், இங்கயே நிக்கட்டும்” என்றேன். அந்த பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்க வேண்டும். செயினைச் சரியான இடத்தில் பூட்டி வைக்கத் தனிக் கருவி வேண்டும். அது என் பட்டறை வேலை அல்ல, சனிக்கிழமை வேலையும் அல்ல. சென்னையில் இதையே செய்து கைதேர்ந்த ஒருவரிடம் ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்பினோம். எஞ்சின் பிழைத்தது. ஏறத்தாழ 2006-க்குப் பின் வந்த, இந்த ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களில் அந்த பேரிங் இன்னும் பெரிதாக்கப்பட்டது. ஆனால் அதை எடுக்க எஞ்சினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்த வண்டிக்காரர்களுக்கு ஃபில்டரை விரித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் அவசியம்.

அந்த டாக்டர் டீலரிடம் ஒழுங்காக சர்வீஸ் விட்டவர்தான். எல்லா முத்திரையும் புத்தகத்தில் இருந்தது. ஆயில் தவறாமல் மாறியிருந்தது. மாற்றியவர்கள் பழைய ஃபில்டரைக் கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கச் சொல்லி யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை.

ஆயில் என்று வந்துவிட்டதால் பிஎம்டபிள்யூவின் இ92 எம்3 பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த வண்டிகளில் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான். 4 லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை போகும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில். எஞ்சினுக்கு 8.8 லிட்டர் ஆயில் பிடிக்கும், அதுவும் 10டபிள்யூ-60. டிப்ஸ்டிக் கிடையாது. அளவை சென்சார் பார்த்துத் திரையில் காட்டும். ஓட்டுகிற வேகத்தைப் பொறுத்து ஆயிலைக் குடிக்கும் என்பதால் டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் பாட்டில் இருக்க வேண்டும். ஆயில் சூடாகும் வரை டாக்கோமீட்டரில் மேல்பகுதி விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். அந்த விளக்குகளை மதிக்காதவர்கள்தான் இந்த எஞ்சினுக்கு முதல் எதிரி. இதன் கனெக்டிங் ராடு பேரிங்குகளில் இடைவெளி மிகக் குறைவு. குளிர்ந்த கெட்டி ஆயில் அந்த இடுக்கில் போதிய அளவு புகுவதற்குள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பேரிங் தேயும்.

இப்படியொரு எம்3 வைத்திருந்த ஸ்பின்னிங் மில்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மில்லை ஓட்டியது டீசல் ஜெனரேட்டர்கள்தான். அந்த ஜெனரேட்டர் ஆயிலைக் குறித்த மணிக்கொரு முறை லேபுக்கு அனுப்பி, அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்கிப் பழகியவர் அவர். அதே பழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் வடியும் ஆயிலின் நடுப்பகுதியில் ஒரு சிறு பாட்டில் பிடித்து லேபுக்கு அனுப்புவார். முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் பிடிக்கக் கூடாது, அதில் சம்ப்பின் அடியில் தங்கிய கசடு கலக்கும். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் அவரிடம் கற்றுக்கொண்டது அது.

இந்த எஞ்சினின் ஆரம்பகால பேரிங்குகள் ஈயமும் செம்பும் கலந்தவை. பிற்காலத்தில் வெள்ளீயம், அலுமினியத்துக்கு மாறின. அவருடையது முந்தைய வகை. ஆகவே ரிப்போர்ட்டில் அவர் கவனித்தது ஈயத்தை. ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்தால்தான் ஏறுகிறதா, நிற்கிறதா என்று தெரியும். அவருடையது ஏறிக்கொண்டே வந்தது. டீலரிடம் காட்டியிருக்கிறார். “சத்தம் வந்தா பாத்துக்கலாம் சார்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னெச்சரிக்கையாக பேரிங் மாற்றும் வேலைக்குத் தொழிற்சாலை அட்டவணை எதுவும் போடவில்லை. அட்டவணையில் இல்லாததைச் செய்து ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது? ஆனால் இந்த எஞ்சினில் சத்தம் கேட்கும் நாளில் கிராங்க்‌ஷாஃப்ட்டும் கீறியிருக்கும். அதற்குப் பிறகு பேசவேண்டியது பேரிங் மாற்றுவதைப் பற்றி அல்ல, எஞ்சின் மாற்றுவதைப் பற்றி.

நாங்கள் செய்தோம். எஞ்சினை மேலிருந்து பீம் போட்டுத் தாங்கி, முன் சப்ஃப்ரேமை இறக்கி, சம்ப்பைக் கழற்றி, ஒவ்வொரு ராடு மூடியாக எடுத்தோம். எந்த மூடி எந்த சிலிண்டருக்கு, எந்தப் பக்கம் முன்னால் என்று குறித்துக்கொள்வதில் மில்காரர் என்னைவிடக் கறாராக இருந்தார். பழைய ஷெல்களைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையில் அடுக்கினோம். சாம்பல் நிற மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்த ஷெல்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. கிராங்க்கில் கை வைத்துப் பார்த்தால் கீறல் இல்லை, வழவழவென்று இருந்தது. ராடு போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இறுக்கும்போது அவை இழுபட்டு நீளும்படி வடிவமைத்தவை. புது போல்ட்டுகளை முதலில் டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கும், பிறகு கோண அளவிக் கருவி வைத்துச் சொன்ன பாகைக்கும் இறுக்க வேண்டும். அந்த ஒரு வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. அவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொரு போல்ட் முடிந்ததும் பெயின்ட் மார்க்கரில் கோடு போட்டார்.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. டீலரிடம் மட்டுமே போகவேண்டிய வேலைகளும் உண்டு. அவற்றில் முதலில் வருவது ரீகால். டகாடா ஏர்பேக் விவகாரம் கார் வரலாற்றிலேயே மிகப் பெரிய ரீகால். ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் அம்மோனியம் நைட்ரேட்டை வைத்திருந்தார்கள். வெயிலும் ஈரப்பதமும் பல ஆண்டுகள் சேர்ந்தால் அது கெட்டு, விபத்தின்போது வேகம் மீறி வெடித்து, உலோகச் சில்லுகளை ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் எறியும். உலகம் முழுக்க உயிர்கள் போயிருக்கின்றன. வெயிலும் ஈரப்பதமும் என்றால் அது நம் கடலோர ஊர்களின் வானிலைதான். பிஎம்டபிள்யூவின் பல பழைய மாடல்களும் அந்த ரீகாலில் வந்தன. டீலர் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், தானே ஆயில் மாற்றி, தானே ப்ரேக் பேட் மாற்றி, வண்டியைப் பளபளப்பாக வைத்திருக்கும் ஒருவர் இந்தச் செய்தியைத் தவறவிட்டால்? செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் கடிதமும் பழைய சொந்தக்காரர் விலாசத்துக்குத்தான் போகும். அதனால் பட்டறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு வண்டிக்கும் சேஸிஸ் நம்பரைக் கொண்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடவிடுவேன். ரீகால் வேலைக்கு டீலர் காசு வாங்குவதும் இல்லை.

ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர், பெட்ரோல் ஹை-பிரஷர் பைப், ஏசி கேஸ், ஸ்பிரிங்கை அமுக்கி எடுக்கும் வேலை, டியூயல் கிளட்ச் கியர்பாக்ஸின் உட்பகுதி, சாவி கோடிங் இவற்றையெல்லாம் வீட்டில் தொட வேண்டாம் என்பேன். முதல் ஐந்தும் ஆளையே காயப்படுத்தக் கூடியவை. மீதி, பழகிய கையும் முறையான கருவியும் கேட்பவை.

அடுத்தது ஜாக்கி. வண்டிக்கு அடியில் படுப்பது என்றால் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போனவர்களின் கதைகள் இந்தத் தொழிலில் எல்லோரிடமும் உண்டு. அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தக் கல் பிளக்கும்போது எச்சரிக்கை கொடுக்காது. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிகப் பெரிய பயன் தருவது ப்ரேக் ஆயில் மாற்றுவது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் மாற்ற வேண்டும். பலருக்கு இது புரிவதில்லை, “நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே” என்பார்கள். ப்ரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு வைத்திருக்கும் கணக்கு 155 டிகிரிதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் ஊர் வேகவண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போகும் பாதை அது. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ப்ரேக் மிதித்து மிதித்துக் காலிப்பர் சூடேறும். ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால், பெடல் தரை வரை மெத்தென்று இறங்கும், வண்டி நிற்காது. பக்கத்தில் பள்ளம். 400 குதிரைத்திறன் வண்டிக்கு டயரும் ரிம்மும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இந்த ஒரு லிட்டர் ஆயிலை மறந்துவிடுகிறார்கள்.

செய்முறை கடினமில்லை. ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் பிளீடர் நிப்பிளைத் திறந்து மூட, மேலே ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உள்ளே காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளில் ஏபிஎஸ் பம்ப்பை ஸ்கேனர் வைத்து இயக்கித்தான் வெளியேற்ற முடியும். அதனால் ரிசர்வாயரில் கண் இருக்க வேண்டும். ஆயில் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும், பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வீட்டில் பெடல் மிதிக்கப் பெரும்பாலும் மனைவியோ மகனோதான் வருவார்கள். மகளை உட்கார வைத்து மிதிக்கச் சொன்ன ஒருவர், அடுத்த தடவை அவளே நிப்பிளைத் திறந்தாள் என்று பெருமையாகச் சொன்னார்.

911 வண்டிகளில் இன்னொன்று. எஞ்சின் பின்னால், ஆனால் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளுக்குள். அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டன்சர். காற்றுக்காகத் திறந்திருக்கும் வாய் வழியாக இலை, தூசி, பிளாஸ்டிக் கவர் எல்லாம் உள்ளே போய்த் தங்கும். நம் ஊரில் வண்டி நிற்பது வேப்பமரத்தடியிலோ புங்க மரத்தடியிலோதான். மழை பெய்து அந்த இலைக்குவியல் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால் கண்டன்சரின் மெல்லிய அலுமினியம் அரித்துப்போகும். ஏசி வேலை செய்யவில்லை என்று வரும் 911-களில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பம்பரை நிதானமாகக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, குறைந்த அழுத்தத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். கண்டன்சர் விலையைக் கேட்டவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

டார்க் ரெஞ்சு பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன். இ92 எம்3-யின் சக்கர போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். 997 தலைமுறை 911-க்கு 130. பின்னால் வந்த 991 ஜிடி3-யில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நடு நட், அதற்கு 600. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ரென்று ஏற்றிவிட்டால் எத்தனை ஏறியது என்று கடவுளுக்கும் தெரியாது. பிஎம்டபிள்யூவின் சில எஞ்சின்களில் மெக்னீசியம் பிளாக்கில் அலுமினிய போல்ட் போட்டிருப்பார்கள். ஒரு தடவை கழற்றினால் தூக்கிப்போட்டுப் புதிது போட வேண்டும். பழையதையே போட்டு “இன்னுங் கொஞ்சம் டைட் வெச்சறலாம்” என்று ஒரு இழு இழுத்தால் மரை உள்ளேயே போய்விடும். முதல் முதலாகக் கருவி வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது, இரண்டு டார்க் ரெஞ்சு வாங்குங்கள் என்றுதான். சிறிய போல்ட்டுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. ஸ்கேனர் அதற்கப்புறம்.

உதிரிபாகம் வாங்கும்போது கம்பெனி டப்பாவே வேண்டும் என்பதில்லை. பிஎம்டபிள்யூவும் போர்ஷேயும் ஃபில்டரையோ ஷாக் அப்சார்பரையோ தாமே செய்வதில்லை. மான், மாலே, பாஷ், சாக்ஸ், லெம்ஃபார்டர், ப்ரெம்போ போன்றவர்களிடம் வாங்குகிறார்கள். அதே பாகத்தை அந்தந்தக் கம்பெனியின் சொந்த டப்பாவிலும் வாங்கலாம், விலை கணிசமாகக் குறையும். ஆனால் பாக எண்ணைச் சேஸிஸ் நம்பர் கொண்டு சரிபார்த்த பின் மட்டும். ஒரே மாடலில் மாதக் கணக்கில் பாகம் மாறியிருக்கும். வாங்கிய பில்லைக் கிழித்துப் போடாமல், தேதி, ஓடிய கிலோமீட்டர், பாக எண், இறுக்கிய அளவு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கழற்றிய பாகத்தின் படத்தோடு வைத்திருக்க வேண்டும். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது சர்வீஸ் ரெக்கார்டைத்தான். முத்திரை இல்லாத புத்தகத்தைவிட இப்படி எழுதிய நோட்டு அதிகம் பேசும். வடித்த ஆயிலைக் காலி கேனில் பிடித்து, முறைப்படி உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு வருவார்கள். கொடுக்கக் கூடாது. அது மண்ணுக்கும் கைக்கும் விஷம்.

வெளியில் வேலை பார்த்தால் வாரன்டி போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் கார் விற்கும் 14 நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன என்று சொல்லி, மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியாள் தொட்டாலே வாரன்டி முழுக்க ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் பழுது வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அதில் இருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனக்கு அந்த அபராதத் தொகையைவிட இந்த வாசகம்தான் முக்கியம். ஆனால் நடைமுறையில் நான் சொல்லும் யோசனை வேறு: வாரன்டி இருக்கும் வரை டீலரிடமே விடுங்கள். வழக்காடிக்கொண்டே வண்டி ஓட்ட முடியாது. அந்தக் காலத்தில் வீட்டில் செய்ய வேண்டியது பார்ப்பது, குறித்துவைப்பது, ஃபில்டரைத் திருப்பிக் கேட்டு வாங்கி விரித்துப் பார்ப்பது. பழைய பாகத்தைக் கேட்டால் கொடுப்பார்கள். ஜாப் கார்டு போடும்போதே சொல்லிவிட வேண்டும். வாரன்டி வேலைக்குக் கழற்றியது மட்டும் கம்பெனிக்குத் திரும்பப் போகும்.

எம் வண்டிகளுக்கு முதல் 2,000 கிலோமீட்டரில் ஒரு ரன்னிங்-இன் சர்வீஸ் உண்டு. எஞ்சின் ஆயிலும் பின் டிஃபரென்ஷியல் ஆயிலும் அப்போது மாற வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்குவோர் அது நடந்ததா என்று டீலர் ரெக்கார்டில் பார்க்கத் தவறக் கூடாது. அதுவும் டீலர் பக்கம் இருக்கும் ஒரு நல்ல விஷயம். அவர்கள் கம்ப்யூட்டரில் ஏறிய தகவல் அழியாது.

புதிய வண்டிகளில் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. பிஎம்டபிள்யூவில் ஏற்கெனவே பேட்டரியை மாற்றினால் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புது பேட்டரி வந்தது என்று பதிவு போட வேண்டும். போடாவிட்டால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்த மாதிரியே கொடுத்து, புதிதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். அதைச் சாதாரண ஸ்கேனரிலேயே செய்யலாம். 2018 வாக்கில் ஃபியட் கிரைஸ்லரும், 2020 வாக்கில் ஃபோக்ஸ்வேகன் குழுமமும் தங்கள் புது மாடல்களில் ஒரு பூட்டைக் கொண்டுவந்தன. ஃபால்ட் கோடு படிக்கலாம். ஆனால் வண்டிக்குள் எதையாவது எழுத வேண்டுமானால் கம்பெனி சர்வரிலிருந்து அனுமதி வாங்க வேண்டும். திருட்டையும் ஹேக்கிங்கையும் தடுக்க என்கிறார்கள். அந்தக் காரணம் பொய்யல்ல. ஆனால் ஐரோப்பாவில் 2007-லிருந்தே இதற்கு ஒரு சட்ட விதி இருக்கிறது. தனிப் பட்டறைக்காரரும் மணிக்கணக்குக்கோ நாள் கணக்குக்கோ பணம் கட்டி, டீலர் பார்க்கும் அதே ரிப்பேர் தகவலைப் பார்க்க நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒன்றிய அரசு ஒரு வலைத்தளம் தொடங்கியது, கார்களும் அதில் அடங்கும். எனக்கு வேண்டியது அந்த ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கும் அந்த ஒரு வழிதான்: நியாயமான கட்டணம் கட்டி, அதே பக்கத்தைத் திறந்து, அதே அளவைப் பார்த்து இறுக்கும் வழி. அது வரும் வரை, இந்தப் பூட்டு போட்ட வண்டிகள் வந்தால் ஆயிலும் ஃபில்டரும் ப்ரேக் ஆயிலும் இங்கே பார்த்துக்கொள்கிறோம். எழுத வேண்டிய வேலைக்கு மட்டும் வண்டியை டீலரிடம் அனுப்பி, ஜாப் கார்டில் அந்த ஒரு வரியை மட்டும் போடச் சொல்கிறோம்.